விருந்தாளியா, வீட்டு எஜமானனா?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஒக்கினாவா தீவில் 1945ம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி வந்திறங்கிய அமெரிக்கத் துருப்புகள், 80 ஆண்டுகள் கழிந்த பின்பும் அங்கிருந்து புறப்படவில்லை. ஆனால் ராஜதந்திரிகளின் அகராதியில் இத்தகைய துருப்புகளுக்கு இன்றும் "வருகை தரும் படைகள்" என்றுதான் பெயர்! பிலிப்பைன்ஸ் நாட்டுடன் 1998ல் அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தத்தின் தலைப்பே அதுதான்.

வந்தவன் விருந்தாளியா, வீட்டு எஜமானனா என்பதை அறிய ஒரு சோதனை போதும். வீட்டில் ஒரு குற்றம் நடந்துவிட்டால் விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு? வீட்டுக்காரனுக்கு அந்த அதிகாரம் இருந்தால், வந்தவன் விருந்தாளி. வந்தவனே தன் குற்றத்துக்குத் தானே நீதிபதி என்றால், அவன் எஜமானன். இந்தச் சோதனையை வைத்து ஒக்கினாவாவைப் பார்க்குமாறு வாசகர்களை அழைக்கிறோம்.

2023ம் ஆண்டு டிசம்பரில் 16 வயது நிரம்பாத ஒரு சிறுமியைக் கடத்திப் பலாத்காரம் செய்ததாக, அமெரிக்க விமானப் படைச் சிப்பாய் ஒருவன் மீது 2024 மார்ச் மாதத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. டோக்கியோவிலுள்ள வெளிநாட்டு இலாகாவுக்கு இது அப்போதே தெரியும். ஆனால் ஒக்கினாவா மாகாண நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஜூன் 16ந் தேதி மாகாணச் சட்டசபைத் தேர்தல் நடந்து முடிந்தது. ஜூன் 23ந் தேதி யுத்தத்தில் மாண்டவர்களின் நினைவு நாள். ஜப்பானியப் பிரதமரே நேரில் வந்து மலர் வைத்துத் தலை வணங்கிவிட்டுப் போனார். இரண்டு நாட்கள் கழித்து, ஜூன் 25ந் தேதி, பத்திரிகைச் செய்திகள் மூலமாகத்தான் மாகாண நிர்வாகமும் மக்களும் இந்தக் கொடுமையை அறிந்தார்கள்!

பாதிக்கப்பட்ட சிறுமியின் மானத்தைக் காக்கவே பேசாதிருந்தோம் என்று சர்க்கார் சமாதானம் சொன்னது. பெயரை வெளியிடும்படி யார் கேட்டார்கள்? ஊரில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது சிறுமிக்காகவா, ராணுவ உடன்படிக்கைக்காகவா? அந்தச் சிப்பாய்க்கு 2024 டிசம்பரில் நாஹா கோர்ட்டு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மறைத்தவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் தண்டனை விதிக்கவில்லை.

இது ஒரு தனி மனிதனின் மிருகத்தனம் மட்டும்தான் என்றால் நாம் தலையங்கம் எழுதத் தேவையில்லை. இதன் வேர் ஆழமானது.

1945ல் ஒக்கினாவாவில் மூன்று மாத காலம் நடந்த யுத்தத்தில் அத் தீவின் ஜனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார். அமெரிக்கக் குண்டுகள் மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. தங்களைக் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஜப்பானிய ராணுவமும், குகைகளில் ஒளிந்திருந்த ஜனங்களை வெளியே விரட்டியது. ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றது. குடும்பம் குடும்பமாகத் தற்கொலை செய்துகொள்ளும்படி நிர்ப்பந்தித்தது. "படை ஜனங்களைக் காப்பாற்றாது" என்ற பாடத்தை ஒக்கினாவா மக்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தங்கள் ரத்தத்தில் படித்தார்கள்.

உயிர் பிழைத்தவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வெளியே வந்து பார்த்தபோது, உழுத நிலத்தைச் சுற்றி முள்வேலி! 1952ம் ஆண்டு ஏப்ரல் 28ந் தேதி ஜப்பான் தன் சுதந்திரத்தைத் திரும்பப் பெற்றது. அதற்கு விலையாக ஒக்கினாவா அமெரிக்க ராணுவ ஆட்சியிலேயே விடப்பட்டது. டோக்கியோ சுதந்திரம் திரும்பப் பெற்ற அந்தத் தேதியை ஒக்கினாவா அவமான நாள் என்று அழைக்கிறது. அடுத்த ஆண்டே நிலம் பறிக்கும் உத்தரவு பிறந்தது. கிராமம் கிராமமாகத் துப்பாக்கி முனையில் ஜனங்கள் விரட்டப்பட்டார்கள். அவர்கள் வீடுகளின் மேல் புல்டோசர்கள் ஏறின.

இயே தீவின் விவசாயிகள் இதை எதிர்த்து நின்ற விதத்தை நம் நாட்டு உழவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அஹாகோன் ஷோகோ என்ற விவசாயியின் தலைமையில் அவர்கள் கூடித் தங்களுக்கென்று விதிகள் வகுத்துக்கொண்டார்கள். அதிகாரிகளுடன் பேசும்போது கோபப்படக் கூடாது; உட்கார்ந்தபடியே பேச வேண்டும்; கையைக் காதுக்கு மேலே உயர்த்தக் கூடாது. கை உயர்ந்தால் "தாக்க வந்தான்" என்று சொல்லிச் சுட்டுவிடுவார்கள் அல்லவா? நிலமிழந்த அந்த மக்கள் 1955ல் தீவு முழுவதும் பிச்சைக்காரர் ஊர்வலம் நடத்தினார்கள். "பிச்சை எடுப்பது வெட்கம், எங்கள் நிலத்தைப் பறித்து எங்களைப் பிச்சை எடுக்க வைப்பது அதனினும் பெரிய வெட்கம்" என்பதே அந்த ஊர்வலத்தின் பொருள். அடுத்த ஆண்டில் அதுவே தீவு தழுவிய மாபெரும் நிலப் போராட்டமாக எழுந்தது.

அந்த நாட்களில் மக்களின் குரலாக நின்றவர் ஒக்கினாவா மக்கள் கட்சியின் தலைவர் தோழர் சேனாகா கமேஜிரோ. 1954ல் ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் தள்ளியது. 1956ல் வெளியே வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நாஹா நகர மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்! ஜனநாயகத்தின் காவலர்கள் என்று மார்தட்டிக்கொண்ட அமெரிக்க அதிகாரிகள் என்ன செய்தார்கள்? நகரசபையின் பாங்கிப் பணத்தை முடக்கினார்கள், கடன் உதவியை வெட்டினார்கள், தண்ணீரைக்கூட நிறுத்தினார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நகரசபை வாசலில் வரிசையில் நின்று வரி கட்டினார்கள்! வரி வசூல் 97 சதவீதம் வரை உயர்ந்தது. வரி கட்டுவதையே போராட்டமாக மாற்றிய ஜனங்களை நாம் வேறெங்கும் கண்டதில்லை. முடிவில் 1957 நவம்பரில் சட்டத்தையே திருத்தித்தான் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடிந்தது.

இனி, குற்றமும் விசாரணையும் பற்றிய கதைக்கு வருவோம்.

1955ல் ஆறு வயதுக் குழந்தை ஒன்றை ஓர் அமெரிக்க சார்ஜண்டு பலாத்காரம் செய்து கொன்றான். ராணுவ கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. பிறகு தண்டனை குறைக்கப்பட்டது. அவன் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டான். 1959ம் ஆண்டு ஜூன் 30ந் தேதி, மியாமோரி ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் பால் குடிக்கும் நேரத்தில் ஓர் அமெரிக்க ஜெட் விமானம் வந்து விழுந்து எரிந்தது. 11 குழந்தைகள் உள்பட 17 பேர் மாண்டார்கள். விமானி பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினான். 1970 செப்டம்பரில் ஒரு பெண்மணியைக் காரேற்றிக் கொன்ற சிப்பாயை, டிசம்பரில் ராணுவ கோர்ட்டு விடுதலை செய்தது. அதே டிசம்பர் 20ந் தேதி விடியற்காலையில் கோசா நகரில் மற்றொரு கார் விபத்து. மக்கள் பொறுமை இழந்தார்கள். அமெரிக்கர்களின் கார்கள் எண்பது அளவில் எரிந்தன. ஆனால் அத்தனை ஆத்திரத்திலும் ஓர் உயிர் கூடப் போகவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

1972ம் ஆண்டு மே 15ந் தேதி ஒக்கினாவா ஜப்பானுக்குத் திரும்பியது. தளங்கள் திரும்பவில்லை. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள அந்த மாகாணத்தில், அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தள நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் குவிந்து கிடக்கிறது. 1960ல் செய்துகொண்ட துருப்புகள் அந்தஸ்து ஒப்பந்தம் அங்கும் அமுலுக்கு வந்தது. அதன்படி கடமை நேரத்தில் செய்த குற்றமானால் முதல் விசாரணை உரிமை அமெரிக்காவுக்கு. கடமை நேரம் அல்லாதபோது செய்த குற்றமானாலும், குற்றவாளி தளத்துக்குள் புகுந்துவிட்டால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அவனை ஒப்படைக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டு, விசா சட்டங்களும் அவர்களைக் கட்டுப்படுத்தா. 2021ம் ஆண்டின் இறுதியில், புறப்படும் முன் கொரோனா சோதனை செய்யாமலே துருப்புகள் வந்திறங்கியதும், தளத்திலிருந்து தொற்று ஊருக்குள் பரவியதும் இந்தச் சலுகையின் விளைவுதான்.

எழுதிய ஒப்பந்தமே இப்படி என்றால், எழுதாமல் மறைத்த ஒப்பந்தம் வேறு! முக்கியமான வழக்குகள் தவிர மற்றவற்றில் தன் விசாரணை உரிமையைப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஜப்பானிய சர்க்கார் 1953லேயே ரகசியமாக வாக்களித்திருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஆவணங்கள் வெளிவந்தபோது குட்டு உடைந்தது.

1995ம் ஆண்டு செப்டம்பர் 4ந் தேதி மூன்று அமெரிக்கச் சிப்பாய்கள் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திப் பலாத்காரம் செய்தார்கள். குற்றவாளிகளைக் கேட்ட போலீசாருக்கு ஒப்பந்தத்தைக் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். அமெரிக்கப் பசிபிக் படைகளின் தளபதியோ, காருக்குக் கொடுத்த வாடகைப் பணத்தில் ஒரு விலைமாதைப் பிடித்திருக்கலாமே என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சுக்காகப் பதவியையும் இழந்தார். அவர் வாய் தவறிப் பேசியதாக நாம் நினைக்கவில்லை. பிற நாட்டுப் பெண்களை எந்தக் கண்ணால் பார்க்கப் படை பழக்கப்பட்டிருக்கிறதோ, அந்தக் கண்தான் பேசிற்று!

அக்டோபர் 21ந் தேதி 85 ஆயிரம் மக்கள் திரண்டார்கள். கவர்னர் ஓடா மசஹிடே, தளங்களுக்கான நிலக் குத்தகையில் நில உடைமையாளர்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட மறுத்தார். வாஷிங்டன் இறங்கி வந்தது. ஆனால் எவ்வளவு தூரம்? கொலை, பலாத்கார வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஒப்படைக்கும் கோரிக்கையை "அனுதாபத்துடன் பரிசீலிப்போம்" என்றது. உரிமை கேட்டவனுக்கு அனுதாபம் கிடைத்தது! ஒப்பந்தத்தின் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 2004ல் ஒக்கினாவா சர்வதேசப் பல்கலைக் கழகத்தின் மேல் அமெரிக்க ஹெலிகாப்டர் விழுந்தபோது, அந்த மண்ணின் போலீசாரையே உள்ளே விடாமல் அமெரிக்கச் சிப்பாய்கள் தடுத்து நின்றார்கள்.

தளங்களை ஆதரிப்போர் சொல்லும் வாதங்களை நாம் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை.

"உள்ளூர்வாசிகளைவிடச் சிப்பாய்கள் அதிகமாகக் குற்றம் செய்வதில்லை, கணக்கைப் பாருங்கள்" என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். உள்ளூர்க் குற்றவாளி போலீசுக்குப் பயந்து ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு வல்லரசின் மதிலும் கேட்டும் இல்லை. சதவீதக் கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டாது. அண்டை வீட்டுக்காரனின் தவற்றைப் பொறுத்துப் போகலாம்; கேட்கவே முடியாத தவற்றை எப்படிப் பொறுப்பது?

"தளம் போனால் பிழைப்புப் போகும்" என்கிறார்கள். 1965ல் ஒக்கினாவாவின் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் தளங்களிலிருந்து வந்தது உண்மை. அண்மை ஆண்டுகளில் அது 5 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. நாஹா நகருக்குள் ராணுவக் குடியிருப்பாக இருந்த நிலம் 1987ல் முழுவதும் திரும்பக் கிடைத்தது. முன்பு இருநூறு பேருக்குக்கூட வேலை தராத அந்த நிலத்தில், புதுப் பட்டணம் எழுந்த பிறகு 15 ஆயிரம் பேருக்கு மேல் வேலை கிடைத்ததாக மாகாண நிர்வாகத்தின் கணக்கு சொல்கிறது. தளத் தொழிலாளர்களையும் நாம் மறக்கவில்லை. 1970ல் ஆயிரக்கணக்கில் அவர்களை வேலைநீக்கம் செய்ய முயன்றபோது, அவர்களுடைய சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. எங்களை நீக்குவதானால் தளத்தைத் திருப்பிக் கொடு என்பதே அவர்கள் எழுப்பிய கோஷம். தளத்தில் கூலி வாங்குகிறவனும் தளத்தை எதிர்க்க முடியும் என்று தொழிலாளி வர்க்கம் காட்டிய இடம் அது. தவிர, இந்த விருந்துக்குச் செலவு யாருடையது? 1978 முதல் ஜப்பானிய சர்க்கார் "அனுதாப பட்ஜெட்" என்ற பெயரில் அமெரிக்கத் துருப்புகளின் செலவில் பங்கு கொடுத்து வருகிறது. 2022 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 211 பில்லியன் யென் என்று ஒப்புக்கொண்டது. தொழிலாளியின் வரிப் பணம் அல்லவா அது?

"பாதுகாப்புக்குத் துருப்புகள் வேண்டும்" என்பது மூன்றாவது வாதம். யாருடைய பாதுகாப்பு? யுத்தம் வந்தால் முதல் குண்டு விழும் இடம் தளம் இருக்கும் இடம்தான் என்பதை ஒக்கினாவாவின் பாட்டிமார்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அமெரிக்கச் சிப்பாய்களை மனிதர்களாகப் பார்க்க ஒக்கினாவா மக்கள் மறுக்கவில்லை. சிப்பாய்களில் பலரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வேலையும் படிப்பும் தேடிப் படையில் சேர்ந்தவர்கள். தீவின் பெண்களை மணந்து வாழ்ந்தவர்கள் உண்டு. தளத்தை எதிர்த்து நின்று 2018ல் கவர்னராக வெற்றி பெற்று, 2022ல் மீண்டும் வென்ற தமாகி டென்னியின் தந்தையே ஓர் அமெரிக்கச் சிப்பாய்தான். அவரை இரண்டு முறை தேர்ந்தெடுத்த ஜனங்களை அமெரிக்கர் மீது துவேஷம் கொண்டவர்கள் என்று யார் சொல்ல முடியும்? விரோதம் மனிதர்கள் மீதல்ல. அவர்களைச் சட்டத்துக்கு மேலே நிறுத்தும் ஏற்பாட்டின் மீது!

அந்த ஏற்பாட்டை முடிக்க வாக்குச்சீட்டால் ஆன அனைத்தையும் அம்மக்கள் செய்து பார்த்துவிட்டார்கள். 1996 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் தளக் குறைப்பையும் ஒப்பந்தத் திருத்தத்தையும் கோரினார்கள். அதே ஆண்டு, ஃபுடென்மா விமானத் தளத்தை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் திருப்பித் தருவதாக இரு சர்க்கார்களும் அறிவித்தன. தரவில்லை. அதற்குப் பதிலாக ஹெனோகோ கடலைத் தூர்த்து இன்னொரு தளம் கட்டுகிறார்கள். 2019 பிப்ரவரியில் வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தூர்ப்பு நிற்கவில்லை. அங்கே கடலடி மண் குழைந்து கிடக்கிறது. சுமார் 71 ஆயிரம் கம்பங்களை இறக்கித்தான் உறுதிப்படுத்த வேண்டுமாம். மாகாண கவர்னர் அனுமதி மறுத்தார். 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் கோர்ட்டுத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு, அவருக்குப் பதிலாகத் தானே தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டது! ஜப்பானின் ஸ்தல சுயாட்சிச் சட்டத்தின் கீழ் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை. விண்ணப்பதாரனும் தானே, அதிகாரியும் தானே!

இதெல்லாம் அசைக்க முடியாத விதியா? இல்லை. 1957ல் பிரிட்டிஷ் படைகள் திருகோணமலையையும் கட்டுநாயக்காவையும் விட்டு வெளியேறின. 1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் சபை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 12க்கு 11 என்று, தள உடன்படிக்கையை நிராகரித்தது. சூபிக் தளம் காலியாயிற்று. ஈக்குவடார் 2008ல் அந்நியத் தளங்களை அரசியல் சட்டத்திலேயே தடை செய்தது. அடுத்த ஆண்டு மான்டா தளம் காலியாயிற்று. அந்தத் தடையை நீக்கலாமா என்று 2025 நவம்பரில் கேட்டபோது மக்கள் கூடாது என்றார்கள். ஆனால் பிலிப்பைன்சுக்குள் 1998 ஒப்பந்தத்தின் மூலம் பின்வாசல் வழியாகத் துருப்புகள் மீண்டும் வந்ததையும் நாம் மறக்கக் கூடாது. வெளியே அனுப்பினால் போதாது. கதவையும் காக்க வேண்டும்.

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. 1987ல் நம் நாட்டுப் படையும் சமாதானம் காக்கும் பெயரில், இரு சர்க்கார்களின் ஒப்பந்தத்தோடு இலங்கைக்குச் சென்றது. யாழ்ப்பாண மக்கள் முதலில் மாலையிட்டு வரவேற்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 21ந் தேதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியது. அந்த நினைவு திரும்பவில்லை. எந்தக் கொடியின் கீழ் வந்தாலும், வந்த இடத்து ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத படை ஆபத்தான படையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016ல் இந்திய சர்க்கார் அமெரிக்காவுடன் ராணுவத் தளவாட வசதி ஒப்பந்தம் செய்துகொண்டது. இதில் தளம் அமைக்க இடமில்லை என்று அது சொல்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்று சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் பழுது பார்க்க வந்து நின்றது. பழுது பார்ப்பது தளம் அல்லதான். ஆனால் ஒட்டகம் கூடாரத்துக்குள் முதலில் மூக்கைத்தான் நுழைக்கும். ஒப்பந்தங்களின் வரிகள் பார்லிமெண்டின் முன்னும் ஜனங்களின் முன்னும் வைக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்பது ஒக்கினாவாவின் பாடத்தை நினைத்துத்தான்.

ஒக்கினாவா மக்களின் கோரிக்கைகள் எளியவை. துருப்புகள் அந்தஸ்து ஒப்பந்தத்தைத் திருத்து. அந்த மண்ணில் நடந்த குற்றத்தை அந்த மண்ணின் கோர்ட்டு விசாரிக்கட்டும். எந்தக் குற்றத்தையும் மாகாண மக்களிடமிருந்து மறைக்காதே. ஃபுடென்மாவை மூடு, ஹெனோகோவைத் தூர்ப்பதை நிறுத்து. இவற்றில் எது அநியாயம்? எது அளவுக்கு மீறியது?

2024 டிசம்பரில், மறைக்கப்பட்ட குற்றங்களைக் கண்டித்து ஒக்கினாவா மக்கள் மீண்டும் கூடினார்கள். 1995ல் 12 வயதுச் சிறுமிக்காகக் கூடிய இளம் தாய்மார்கள் இன்று பாட்டிமார்கள். பேத்திமார்களுக்காகவும் அதே கூட்டத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர்களுடைய வேதனை. அந்த வேதனையை நம்முடையதாகக் கருதுகிறோம். தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் வாலிபர் அமைப்புகளும் ஒக்கினாவா மக்களின் நியாயமான கோரிக்கைகளை ஆதரித்துத் தீர்மானங்கள் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விருந்தாளிக்கு இலை போடுவது நம் பண்பாடு. வீட்டுச் சாவியைப் பறித்துக்கொண்டவன் விருந்தாளி அல்ல. அவன் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை ஒக்கினாவா மக்கள் ஓயமாட்டார்கள். அவர்களோடு நாமும் நிற்போம்.